துரத்தப்பட்ட ஆட்டின் மூச்சு

பல மாதங்களாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. நீளமானது. முனைவர் பட்ட ஆய்வைப் பற்றித் தொடங்கி ஆட்டின் நுரையீரலில் போய் நிற்கும். பொறுமையுள்ள நண்பர்கள் படிக்கவும். உயிரியல் கற்றவர்கள் என் பிழைகளைப் பின்னூட்டத்தில் தாராளமாகத் திருத்தலாம். நான் கற்றது மொழியியல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முடிந்த கையோடு, வட கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் கள ஆய்வில் இருந்தேன். தக்காணத்து ஆட்டிடையர்களின் கால்நடைச் சொற்களைத் திரட்டுவது என் வேலை. அறுவடை முடிந்த கம்பங்கொல்லையொன்றில் கிடை போட்டிருந்த முதியவர் ஒருவர் மூன்று நாள்கள் என்னைப் பொறுத்துக்கொண்டார். அவரை நான் 'அஜ்ஜா' என்பேன். அவர் என்னை 'அவ்வா' என்பார். அந்தப் பக்கத்தில் மகள் வயதுப் பெண்ணையும் அப்படித்தான் அன்பாக அழைக்கிறார்கள். தோளில் கருங்கம்பளி, கையில் கோல், இடுப்பில் கைப்பேசி. சுற்றிலும் நூற்றுச்சொச்சம் தக்காணிச் செம்மறிகள்.

நோய்ப் பெயர்களுக்கு வந்தபோது, கூட்டத்திலிருந்து சற்று விலகி நின்ற ஒரு பெட்டை ஆட்டைக் காட்டினார். நான்கு வயது இருக்கும். நன்றாகத்தான் மேய்கிறது, ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது என்றார். நடக்கவிட்டால் மூச்சு வாங்குகிறது. பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். அதை அப்படியே குறித்துக்கொண்டேன்: "தண்ணீர் குடிக்கக் குனிந்தால் மூக்கிலிருந்து நீர் ஒழுகுகிறது."

அந்த வாக்கியம் என் குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது. 'குனிந்தால்' என்பதன் கன்னட வடிவத்தின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் 'நிபந்தனை வினையெச்சம், நல்ல எடுத்துக்காட்டு' என்று என் கையெழுத்து. ஆட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "இது என்ன நோய், அவ்வா? படித்த பிள்ளைதானே, தெரியுமா?" என்று அவர் கேட்டதற்கு, "நான் மருத்துவர் இல்லை அஜ்ஜா, மொழி படிக்கிறேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இத்தனைக்கும் நான் ஆட்டுக்கார வீட்டுப் பிள்ளை. என் தாத்தா சிவகங்கைப் பக்கம் செம்மறிக் கிடை வைத்திருந்தவர். ஆடு இளைப்பதென்றால் அந்த வீட்டில் என்ன பொருள் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஆய்வேட்டின் கதை. 'கொறி' என்பது செம்மறியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கன்னடத்தில் அது 'குரி', தெலுங்கில் 'கொர்ரெ'. மூன்றும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை என்பது ஒப்பிலக்கண அகராதிகள் ஒப்பும் செய்தி. இப்படி நூற்றுக்கணக்கான சொற்களைத் திரட்டி, எது எந்தக் கிளையில் எப்போது பிரிந்தது என்று ஒரு குடிவழி மரம் வரைவது என் இரண்டாம் இயல். அந்த இயல் நெறியாளரிடமிருந்து திரும்பி வந்தபோது முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி இருந்தது. இந்த இடையர்கள் எல்லாரும் ஒரே தடங்களில் வலசை போகிறவர்கள். ஒரே சந்தையில் ஆடு விற்கிறவர்கள். ஒரு சொல் இருவரிடம் இருக்கிறது என்றால் அது பாட்டன் வழி வந்ததா, பக்கத்துக் கிடையிலிருந்து வந்ததா? இதை எப்படிப் பிரிக்கிறாய்?

என்னிடம் விடை இல்லை. மொழியியல் படித்த யாருக்கும் இது புதிய கேள்வியும் அல்ல. மரபுரிமைச் சொல்லையும் கடன் சொல்லையும் பிரிக்க ஒலிமாற்ற விதிகள் உதவும். ஆனால் நெருங்கிய மொழிகளுக்கு இடையில், அதிலும் சிறு சொற்களில், அந்த விதிகள் கைவிட்டுவிடும்.

நான் மரம் வரையப் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் பீஸ்ட். அது முதலில் மொழிகளுக்காக எழுதப்பட்டதன்று; மரபணு வரிசைகளின் காலத்தைக் கணிக்க எழுதப்பட்டது, வைரஸ் ஆய்வாளர்களின் அன்றாடக் கருவி. அதே கருவியைக் கொண்டுதான் விஷ்ணுப்ரியா கோலிப்பாக்கமும் குழுவினரும் 2018இல் இருபது திராவிட மொழிகளை ஆராய்ந்து, இக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று கணித்தார்கள். விடுதியில் என் அறைத்தோழி உயிர்த்தகவலியல் ஆய்வாளர். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, ஓரிரவு ஒரு கட்டுரையை என் படுக்கையில் எறிந்தாள். "ஆட்டைப் பற்றித்தானே அழுகிறாய், ஆட்டையே படி."

2009இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை அது. 133 இனங்களைச் சேர்ந்த 1,362 செம்மறிகளின் மரபணுத் தொகுதியில், பழைய ரெட்ரோவைரஸ்கள் எங்கெங்கே செருகிக்கொண்டிருக்கின்றன என்று பார்த்து, மனிதன் செம்மறியைப் பழக்கிய வரலாற்றை மீட்டெடுத்திருந்தார்கள். மூஃப்ளான், ஸ்காட்லாந்துத் தீவுகளின் சோய், ஆர்க்னி ஆடுகள், நோர்டிக் நாட்டு இனங்கள் ஆகியவை முதல் பெயர்ச்சியின் எச்சங்கள். இன்றைய கம்பளி ஆடுகளின் முன்னோர் தென்மேற்கு ஆசியாவிலிருந்து பின்னால் கிளம்பிய இரண்டாம் அலை. வைரஸ் விட்டுச்சென்ற தடத்தை வைத்து ஆட்டின் ஊர்வலத்தைப் படித்திருந்தார்கள்.

ரெட்ரோவைரஸ் செய்வது இதுதான். அதன் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. உயிரணுவுக்குள் நுழைந்ததும் தன்னை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதிக்கொள்கிறது. 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே இதைக் காட்டும்வரை, எழுத்து அந்தத் திசையில் ஓடும் என்று நம்பியவர்கள் மிகக் குறைவு. திருப்பி எழுதிய படியை உயிரணுவின் டி.என்.ஏ.வுக்கு நடுவில் ஏதோ ஓரிடத்தில் செருகிவிடுகிறது. செருகிய பிறகு அது விருந்தாளி அன்று. வீட்டுச் சுவரில் ஒரு செங்கல். பெரும்பாலும் உடல் உயிரணுக்களில்தான் இது நிகழும். அந்த ஆட்டோடு அது முடியும். எப்போதாவது விந்தணுவுக்கோ கருமுட்டைக்கோ வழிவகுக்கும் உயிரணுவில் நிகழ்ந்துவிட்டால், அந்தச் செங்கல் குட்டிக்குப் போகிறது, குட்டியின் குட்டிக்குப் போகிறது.

சுவடிப் பதிப்பு பற்றிப் படித்தவர்களுக்கு மீதியை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒன்றாக இருப்பது எதையும் மெய்ப்பிக்காது. ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரு தாய்ப்படியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை. பல நூறு கோடி எழுத்துள்ள ஏட்டில், இரண்டு ஆடுகளுக்கு ஒரே எழுத்தின் பக்கத்தில் ஒரே வைரஸ் தற்செயலாக இருமுறை செருகிக்கொள்ளும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே செருகிய இடம் ஒன்று என்றால் பாட்டியும் ஒன்று. இன்னொரு வசதியும் உண்டு. செருகும் நாளில் வைரஸின் இரு நுனிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அதன் பிறகு இரண்டும் தனித்தனியே பிழை சேர்க்கத் தொடங்கும். இன்று இரு நுனிகளுக்கும் இடையே எத்தனை வேறுபாடு என்று எண்ணினால், செருகி எத்தனை காலம் ஆயிற்று என்று ஏறத்தாழச் சொல்லலாம். நுழைந்த தேதியைத் தன் மீதே எழுதிக்கொண்டு வரும் கடன் சொல் ஒன்று எனக்குக் கிடைத்தால் ஆய்வேட்டை அடுத்த வாரமே சமர்ப்பித்துவிடுவேன்.

பொறாமையில்தான் மேற்கொண்டு படித்தேன். அந்தக் கட்டுரையின் வைரஸ்களுக்கு உயிருள்ள உறவினன் ஒருவன் உண்டு என்பது நான்காம் பக்கத்துக்கு வருமுன்பே தெரிந்துவிட்டது. பெயர் யாக்சீக்டெ செம்மறி ரெட்ரோவைரஸ். மொழியியல் மாணவிக்குப் பெயர் முதலில் கண்ணில் படும். யாக்சீக்டெ என்பது தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். 'யாக்' துரத்துதல், 'சீக்டெ' நோய். துரத்திக்கொண்டு வரப்பட்டதுபோல ஆடு நின்ற இடத்தில் மூச்சிரைக்கும் என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த ஆட்டுக்காரர்கள் வைத்த பெயர். அறிவியல் அதை மாற்றவில்லை.

அறிகுறிகள் என்ற தலைப்பின் கீழே இருந்ததை அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பசி குறையாமலேயே உடல் இளைக்கும். நடந்தால் மூச்சு வாங்கும். நுரையீரலில் கட்டி வளர வளர அந்த உயிரணுக்கள் நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆடு தலையைத் தாழ்த்தினால் மூக்கின் வழியே நுரைத்த நீர் ஒழுகும். மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாக்கியிருக்கிறார்கள்: ஒற்றைச் சக்கரக் கைவண்டியைத் தள்ளுவதுபோல ஆட்டின் பின்னங்கால்கள் இரண்டையும் உயர்த்திப் பிடித்தால், முற்றிய நோயுள்ள ஆட்டின் மூக்கிலிருந்து நீர் வழியும்.

நிபந்தனை வினையெச்சம், நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த முதியவரின் ஆட்டுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆடு இளைப்பதற்கும் இரைப்பதற்கும் நுரையீரல் புழுவிலிருந்து நிமோனியா வரை பல காரணங்கள் உண்டு; இறந்த ஆட்டின் நுரையீரலைத் திறந்து பார்க்காமல் யாரும் உறுதி கூற மாட்டார்கள். இன்னோர் எச்சரிக்கை, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை நினைத்துக் கவலைப்படத் தொடங்கியிருப்பவர்களுக்கு: இந்த வைரஸால் மனிதருக்கு நோய் வருவதாக நிறுவப்படவில்லை.

பலருக்கும் தெரிந்த டாலி என்ற ஆட்டைக் கொண்டுபோனதும் இதுதான். வளர்ந்த விலங்கின் உடல் உயிரணுவிலிருந்து நகலாக்கத்தில் பிறந்த முதல் பாலூட்டி என்று 1996இல் எடின்பரோ அருகே ரோஸ்லின் நிறுவனத்தில் பிறந்த அவளை, 2003 பிப்ரவரி 14 அன்று, ஆறு வயதில் கருணைக்கொலை செய்தார்கள். செயற்கையாகப் பிறந்ததால்தான் அற்பாயுளில் போனாள் என்ற பேச்சு இன்றும் நிற்கவில்லை. பள்ளியில் எங்கள் அறிவியல் ஆசிரியரும் அப்படித்தான் சொன்னார். நுரையீரலில் இருந்தது இந்த வைரஸ் உண்டாக்கிய கட்டி. பாவம் நகலாக்கத்தின் மீது, பிழை மூச்சுக்காற்றின் மீது.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் கொடியது. 1933இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அந்நாடு 20 காராகுல் ஆடுகளை இறக்குமதி செய்தது. சான்றிதழ்கள் இருந்தன. தனிமைப்படுத்தியும் வைத்திருந்தார்கள். எல்லா ஆடுகளும் பார்வைக்கு நலமாக இருந்ததால் பண்ணைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் யாக்சீக்டெ வெடித்தது. அதோடு வேறு இரு நோய்களும்: ஐஸ்லாந்துக்காரர்கள் அவற்றுக்கு மைதி என்றும் விஸ்னா என்றும் பெயரிட்டார்கள், முன்னது மூச்சுத்திணறல், பின்னது வாடிப்போதல். நெடுங்காலமாக வெளியாடு அரிதாகவே வந்த தீவு அது. நாட்டின் குறுக்கே வேலிகள் எழுப்பி, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த கிடைகளை முழுவதுமாகக் கொன்று, நோய் தொடாத பகுதியிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து மீண்டும் தொடங்கினார்கள். யாக்சீக்டெ 1952இல் ஒழிந்தது. பியோர்ன் சிகுர்ட்சன் 1954இல் 'மெதுநோய்த்தொற்று' என்ற கருத்தை முன்வைத்தது இந்த அழிவிலிருந்துதான். பின்னால் எய்ட்ஸ் வைரஸ் கண்டறியப்பட்டபோது அதன் நெருங்கிய சொந்தம் என்று அடையாளம் காணப்பட்டது இந்த விஸ்னா.

கால்நடையின் புற்றுநோய் வைரஸ்களில் பலரும் அறிந்தது கோழியினுடையது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பெய்டன் ரவுஸ், பிளிமத் ராக் இனக் கோழி ஒன்றின் கட்டியை அரைத்து, நுண்ணுயிரிகள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிக்கு ஏற்றினார், கட்டி வந்தது. 1911இல் அதை வெளியிட்டார். புற்றுநோய் தொற்றுமா என்று சிரித்தார்கள். அதற்கான நோபல் பரிசு 1966இல், அவருடைய 87ஆம் வயதில் வந்தது. (ஆய்வு இயல் திருப்பி அனுப்பப்பட்ட நாள்களில் இந்த எண்களை நான் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன்.) அந்த வைரஸ் எப்படிப் புற்றை உண்டாக்குகிறது என்று தேடியபோது கிடைத்தது 'சார்க்' என்ற மரபணு. பிஷப், வார்மஸ் குழுவினர் 1976இல் காட்டியதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: அந்த மரபணு வைரஸுடையது அன்று. நலமான கோழியின் உயிரணுவில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை, வைரஸ் எப்போதோ போகிறபோக்கில் தூக்கிக்கொண்டு போய், கடிவாளத்தை அறுத்துத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. கோழியின் வேறு சில ரெட்ரோவைரஸ்கள் எதையும் திருடுவதில்லை. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, அதை ஓயாமல் தூண்டிவிடுகின்றன. மாட்டின் வெண்புற்று வைரஸ் வேறு வழி. தொற்றிய மாடுகளில் மிகச் சிலவற்றுக்கே, அதுவும் பல ஆண்டுகள் கழித்தே, கட்டி வருகிறது.

யாக்சீக்டெ வைரஸ் இவற்றில் எதையும் செய்வதில்லை. அதன் வெளியுறைப் புரதமே புற்றை உண்டாக்குகிறது. கதவைத் தட்டும் கையே வீட்டுக்குள் தீயையும் வைக்கிறது. இப்படிப்பட்ட ரெட்ரோவைரஸ்கள் அரிது. இதன் வெளியுறையில் உயிரணுவின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வால் உண்டு. அந்த வாலில் உள்ள சில எழுத்துகள் 'பெருகு' என்ற கட்டளையை உயிரணுவுக்குள் தட்டிவிடுகின்றன.

அந்த வைரஸின் சொந்தங்கள், குறைந்தது 27 படிகள், எல்லாச் செம்மறிகளின் டி.என்.ஏ.விலும் பிறக்கும்போதே இருக்கின்றன. சயன்ஸ் கட்டுரையின் தடங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். இவற்றில் மூத்தவை ஐம்பது முதல் எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், செம்மறியும் வெள்ளாடும் தனித்தனிக் கிளைகளாகப் பிரியுமுன்பே, நுழையத் தொடங்கியவை. இந்த உள்வீட்டுப் படிகளின் வாலில் அந்தச் சில எழுத்துகள் இல்லை. தீயில்லாத கை.

தமிழில் இதற்கு நிகரானது 'ஆயிரம்' என்பது என் துணிபு. வடமொழி 'சகஸ்ர' பிராகிருதம் வழியாகத் தேய்ந்து, முதல் சகரத்தையும் இழந்து 'ஆயிரம்' ஆயிற்று என்பது பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கும் வழி. கன்னடத்தின் 'சாவிர' அந்த இடைநிலையை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. (சண்டைக்கு வருவோர் பின்னூட்டத்தில் வரிசையாக வரவும்.) அது வந்த சொல் என்பதை நம் நாக்கு மறந்துவிட்டது. எத்தனையோ நூற்றாண்டு கழித்து அதே சொல் 'சகஸ்ரநாமம்' என்று மறுபடி வாசலில் நிற்கிறது. ஒன்று வீட்டுக்காரர், மற்றது விருந்தாளி. இருவருக்கும் ஒரே பாட்டன்.

செம்மறியின் வீட்டில் இந்த உறவு இன்னும் சிக்கலானது. உள்வீட்டுப் படிகளை ஆடு சும்மா வைத்திருக்கவில்லை. 2006இல் அமெரிக்க, பிரிட்டன் ஆய்வாளர்கள் சினையாடுகளின் கருப்பையில் இந்தப் படிகளின் வெளியுறைப் புரதம் உருவாகாமல் தடுத்துப் பார்த்தார்கள். கருவைச் சூழும் திசு வளரவில்லை. இருபது நாள்களுக்குள் கரு கலைந்தது. நஞ்சுக்கொடி உருவாக ஆட்டுக்கு அந்தப் பழைய வைரஸ் வேண்டும். (நமக்கும் அப்படித்தான், மனித நஞ்சுக்கொடியின் சின்சிட்டின் புரதமும் ஒரு பழைய ரெட்ரோவைரஸின் வெளியுறையே.)

காவல் வேலையும் உண்டு. ஒரு படியில், உட்கூட்டுப் புரதத்தின் 21ஆம் இடத்தில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. மாறிய புரதம் வெளியிலிருந்து வந்த வைரஸின் புரதங்களோடு கலந்து, புதிய வைரஸ்கள் உயிரணுவை விட்டு வெளியேறாதபடி அடைத்துக்கொள்கிறது. இந்தப் பயனுள்ள பிழை செம்மறிகள் முழுமைக்கும் பரவி நிலைத்தது ஏறத்தாழ மனிதன் ஆட்டைப் பழக்கிய காலத்தில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன். மலையில் சிதறி மேய்ந்தவற்றைப் பட்டியில் அடைத்தோம். மூச்சோடு மூச்சு உரசியது. காவல் உள்ளவை பிழைத்தன. இது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. கதை அங்கேயும் முடியவில்லை. காவலைத் தாண்டும் வகை ஒன்று பிறந்து, அதுவும் டி.என்.ஏ.வில் செருகிக்கொண்டிருக்கிறது, அநேகமாகக் கடந்த 200 ஆண்டுகளுக்குள். மரபணுப் பரிணாமம் என்றால் டைனோசர் காலத்துக் கதை என்று எண்ணியிருந்தேன். அது நேற்றைய சந்தைக்கும் ஆடு ஓட்டி வந்திருக்கிறது.

இந்த உறவுக்கு ஆடு கொடுக்கும் விலைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கருவில் இருக்கும்போதே குட்டியின் எதிர்ப்பாற்றல் இந்த உள்வீட்டுப் புரதங்களைப் பார்த்துப் பழகிவிடுகிறது. இவை நம்மவை என்று கற்றுக்கொள்கிறது. பிறகு தீயுள்ள கை வந்து கதவைத் தட்டும்போது, முகம் ஒன்றாக இருப்பதால், அடையாளம் தெரிவதில்லை. எதிர்ப்பொருள் உருவாவதில்லை. அதனால்தான் எளிய ரத்தப் பரிசோதனையில் இந்த நோயைப் பிடிக்க முடிவதில்லை, தடுப்பூசியும் இல்லை. குட்டிப் பருவத்தில் எளிதாகத் தொற்றி, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதில் வெளிப்படும். அதற்குள் அது எத்தனை ஆடுகளோடு முகம் உரசித் தண்ணீர் குடித்திருக்கும்!

படித்து முடித்த மறுநாள் அஜ்ஜாவைக் கைப்பேசியில் அழைத்தேன். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். அந்த ஆடு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எந்த ஆடு?"

"மூக்கில் நீர் ஒழுகியதே."

"அதுவா? நீ போன பிறகு ஒரு மாதம் நின்றது. பிறகு கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன்." சற்று நேரம் பேச்சில்லை. "அதன் பிறகு அப்படியே இன்னும் இரண்டு. ஏன் அவ்வா, இப்போது கேட்கிறாய்?"

படித்ததைச் சொன்னேன். என் கன்னடம் அன்று தடுமாறிய அளவுக்கு என்றும் தடுமாறியதில்லை. இதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இனி ஏதாவது இறந்தால் கால்நடை மருத்துவரிடம் நுரையீரலைக் காட்ட வேண்டும். இளைக்கும் ஆட்டைக் குட்டிகளோடு விடக்கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வருத்தமோ கோபமோ இல்லாத குரலில், "அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்கு எனக்குத் தெரியாது என்பது உண்மை. அன்றைக்கு நான் தேடவில்லை என்பதும் உண்மை.

சென்ற டிசம்பரில் மீண்டும் போனேன். இம்முறை தாலுகா கால்நடை மருத்துவர் ஒருவரும் உடன் வந்தார். என் வற்புறுத்தலுக்காக விடுமுறை நாளில் வந்த நல்ல மனிதர். கிடை அப்போது ஒரு பருத்திக் காட்டின் ஓரத்தில் இருந்தது. அந்தப் பெட்டை ஆட்டின் குட்டி ஒன்றை அஜ்ஜா விற்காமல் வைத்திருந்தார். இப்போது அதற்கும் இரண்டு வயது கடந்துவிட்டது. நன்றாகப் புரண்ட உடம்பு, சினை வேறு. சினையாட்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டாம் என்று மருத்துவர் விலக்கிவிட்டு, மெலிந்து தெரிந்த மற்றவற்றைக் காட்டச் சொன்னார். அஜ்ஜா ஒவ்வொன்றாகப் பிடித்து வந்தார். மருத்துவர் பின்னங்கால்களை உயர்த்த, நான் மூக்கருகே குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

ஒன்பது ஆடுகள். எதிலும் நீர் வழியவில்லை. தொடக்க நிலையில் இருந்தால் வழியாது என்று மருத்துவர் சொன்னார்; அப்படியென்றால் பார்த்ததற்கு என்ன பொருள் என்று அஜ்ஜா கேட்டார்; முற்றியது எதுவும் இந்த ஒன்பதில் இல்லை என்று பொருள் என்றார் அவர். அஜ்ஜா தலையசைத்துவிட்டு அந்த இளம் பெட்டை ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போது குட்டி போடும் என்று நான் கேட்டேன்.

"சிவராத்திரிக்கு முன்னால்."

ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நிபந்தனை வினையெச்சத்துக்கு வேறு எடுத்துக்காட்டு போட்டிருக்கிறேன். மாசி மாதம் போய், ஈன்ற குட்டியைத் தாயிடமிருந்து தனியே வளர்க்க முடியுமா என்று அஜ்ஜாவிடம் பேச வேண்டும். பால் யார் கொடுப்பது என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டுதான் இம்முறை போக வேண்டும். ஆடு வளர்க்கும் நண்பர்கள் யாரேனும் புட்டிப்பால் கொடுத்துக் குட்டி வளர்த்திருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.